சத்தமில்லாத வண்டி

மிக்கலின் பழைய பனி ஸ்கூட்டர் வருகிறது என்பது, அது வருவதற்கு வெகுநேரம் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். முதலில் சத்தம் வரும். பிறகு புகை வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மிக்கல் வருவான்.

சில வருஷங்களாகவே அவனுக்கு அது ஒரு குறையாக இருந்தது. பெட்ரோல் பங்கில் அவன் வண்டியை நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அவன் போகும்வரை பொறுமையாக வானத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் அந்தப் பிப்ரவரியில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு எல்லாரும் படியிறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பெல்ட் அறுந்துபோன வண்டியை அவனுடைய மனைவியின் அக்கா கிர்ஸ்தி தன் வண்டியில் கட்டி ஊர் நடுவே இழுத்துக்கொண்டு போனாள். மிக்கல் பின்னால், தன் வண்டிமேல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இழுபடுகிற வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் கையை வேறு எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தான்: இதைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பது.

மனைவி ரிஸ்டன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழசைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் என்ன, ஏப்ரலில் மந்தையை ஓட்டிப் போகும்போது உதவுமே என்று மட்டும் கேட்டாள்.

"புது வண்டி வாங்கினவன் பழசையும் வாசல்ல நிறுத்தி வெச்சா, புதுசுக்கு என்ன மரியாதை இருக்கு?" என்றான் மிக்கல்.

"மரியாதை வண்டிக்கா, உனக்கா?" என்று கேட்டுவிட்டு ரிஸ்டன் உலர்த்திய இறைச்சியைச் சீவப் போய்விட்டாள்.

அந்த ஏப்ரல் பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் மிக்கலைப் பற்றிச் சொல்ல முடியாது. அவன் இந்த மேட்டுநிலத்துக்காரன் இல்லை. கடற்கரைக்காரன், அப்பா கோட் மீன் பிடித்தவர். ரிஸ்டனைக் கல்யாணம் செய்துகொண்டு பனிமான் வளர்க்கிற அவள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தான். வந்த புதிதில் மந்தை பிரிக்கும் இடத்தில் அவன் வீசிய கயிற்றுச் சுருக்கு, மானின் கொம்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் விழுந்தது. ஒருமுறை ஒரு வேலிக்கம்பத்தையும், இன்னொருமுறை ரிஸ்டனின் சித்தப்பாவையும் பிடித்தான். அதிலிருந்து அவனுக்கு மீன்காரன் என்று பெயர். மான் வளர்க்கிற கூட்டத்துக்குத் தலைவியான கிர்ஸ்தி மட்டும் மாப்பிள்ளை என்று கூப்பிடுவாள். மீன்காரன் என்பதே தேவலை என்று நினைக்க வைக்கிற மாதிரி கூப்பிடுவாள்.

அப்புறம் ஒரு மோசமான குளிர்காலம் வந்தது. நடுக்குளிரில் மழை பெய்து, பனிமேல் பனிக்கட்டி படிந்து, மான்களால் அடியில் இருக்கும் பாசியைத் தோண்டித் தின்ன முடியவில்லை. தினமும் தீவன மூட்டை கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதாயிற்று. அலுப்பான வேலை, யாருக்கும் பிடிக்காது. அதனால் அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். கூடவே யாருக்கும் வேண்டாத அந்த ஸ்கூட்டரையும். மிக்கல் தினமும் சறுக்குவண்டியில் மூட்டைகளைக் கட்டி இழுத்துக்கொண்டு மலைமேல் போனான். போய்ச் சேர்ந்ததும் "ஹோ... ஓ... ஓ..." என்று நீளமாகக் கூப்பிடுவான். மான்கள் வந்தன. முதலில் ஒன்றிரண்டாக, பிறகு எல்லாமாக. ஏப்ரல் வந்தபோது, அவன் வண்டியை எடுத்தால் மந்தை முழுக்க அவன் பின்னால் நடந்தது.

அதற்குமுன் கழுத்தில் கயிறு கட்டிய ஒரு பழகின கிழட்டு மானை முன்னால் நடத்திப் போவதுதான் வழக்கம். அதைப் பார்த்து மற்றவை வரும். மிக்கல் அந்த இடத்துக்கு வந்த பிறகு கிழட்டு மானுக்கு வேலை இல்லாமல் போய், அது ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு உதவியாகிவிட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு வசந்தத்திலும், சினை மான்கள் குட்டி போடுகிற இடத்துக்கு, பெரிய ஏரியின் பனிமேல் மந்தையின் முன்னால் போவது மிக்கல்தான். அந்த ஒரு வாரம் மட்டும் அவனை யாரும் மீன்காரன் என்று சொல்ல மாட்டார்கள்.

எப்படி வருகின்றன என்று யாராவது கேட்டால் மிக்கலிடம் விளக்கம் தயாராக இருந்தது. யாரும் கேட்காவிட்டாலும் இருந்தது. குரல் தொண்டையிலிருந்து வரக்கூடாது, அடிவயிற்றிலிருந்து வரவேண்டும் என்பான். மானுக்கு மனுஷன் மனசு தெரியும் என்பான். கல்யாண வீடுகளில் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு எழுந்து நின்று கூப்பிட்டும் காட்டுவான். எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கிர்ஸ்தி மட்டும் தட்டில் இருக்கும் எலும்பை ரொம்ப அக்கறையாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

*

வண்டியைக் கடைக்குக் கொண்டுபோக மிக்கல் செய்த ஏற்பாடுகளைக் கல்யாணப் பெண்ணுக்குக்கூடச் செய்திருக்க மாட்டார்கள். கீறல்களுக்குச் சாயம் அடித்தான். கிழிந்த சீட்டுக்கு, ரிஸ்டன் கழற்றி வைத்திருந்த சமையலறைத் திரையை வெட்டி உறை தைத்தான். நீலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூப்போட்ட திரை. இந்த வண்டி குளிரில் முதல் இழுப்பில் கிளம்பாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் ஆல்டா நகருக்குள் நுழைவதற்குமுன் அதை ஏற்றிவந்த டிரெய்லரைச் சாலையோரம் நிறுத்தி, அதன்மேலேயே வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கிக்கொண்டான்.

கடைக்காரர் ஒட்வார் பெரிய உடம்பும் மெதுவான பேச்சும் உள்ளவர். மிக்கல் இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். வண்டி ஒரே இழுப்பில் உறுமியது. எப்போதும் இப்படித்தான் என்பதுபோல மிக்கல் தோளைக் குலுக்கினான்.

 ஒட்வார் கையுறையைக் கழற்றிவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல இஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தார்.

"எங்க நிறுத்தி சூடு பண்ணீங்க? பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

மிக்கல் ஒரு கணம் யோசித்தான். "அந்தப் பக்கம்."

"எல்லாரும் அங்கதான் நிறுத்துவாங்க. இடம் வசதியா இருக்கும்" என்றார் ஒட்வார், கோபம் எதுவும் இல்லாமல். பிறகு சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பிடி தீவனமும் காலியான எலிக்கூடும் இருந்தன. அவற்றை மரியாதையாக ஒரு ஓரத்தில் தட்டிவிட்டு ஒரு விலை சொன்னார். வருத்தப்பட வேண்டிய விலைதான். ஆனால் மிக்கலின் கண் அதற்குள் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற புது வண்டிமேல் போய்விட்டது. கறுப்பு நிறம். கைப்பிடி தானாகச் சூடாகும். முன்னால் ஒரு சின்னத் திரை; அதில் வேகம், வெப்பம், எங்கே இருக்கிறோம் என்பதெல்லாம் தெரியும். ஒட்வார் அதைக் கிளப்பினார். கிளப்பிவிட்டார் என்பதே மிக்கலுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"சத்தமே கிடையாது. மான் பக்கத்துல போய் நின்னாலும் அதுக்குத் தெரியாது" என்றார் ஒட்வார்.

மிக்கல் அந்த வாக்கியத்தை வீடு வரும்வரை ரசித்துக்கொண்டு வந்தான். அதன் அர்த்தம் வேறு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வழி நெடுக, வெள்ளை மேட்டில் சத்தமில்லாமல் தான் வழுக்கிக்கொண்டு போவதையும், பின்னால் மந்தை ஒரு நதியைப் போல வருவதையும், கிர்ஸ்தி எலும்பைத் திருப்புவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பதையும் கற்பனை செய்துகொண்டான்.

*

முதல்நாள் காலை புது வண்டியில் வழக்கமான தீவன மூட்டைகளோடு மேலே போனபோது மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. மிக்கல் ரொம்பப் பக்கத்தில் போய்விட்டான். ஒட்வார் சொன்னது உண்மைதான், மான்களுக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு பெண்மான் தலையைத் தூக்கியது. கறுப்பாக, சத்தமில்லாமல், பக்கத்தில் வந்து நிற்கிற ஒன்றைப் பார்த்தது. அடுத்த நிமிஷம் மந்தை முழுக்க அடுத்த மேட்டின் மேல் இருந்தது.

மிக்கல் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான். மான்கள் தூரத்திலிருந்து பார்த்தன. மறுபடி கூப்பிட்டான். இரண்டு மான்கள் முதுகைத் திருப்பிக்கொண்டன. தீவனத்தைக் கொட்டிவிட்டுத் தள்ளிப்போய் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்து நின்ற பிறகுதான் வந்து தின்றன. திருட்டு நடந்த வீட்டைப் பார்ப்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தின்றன.

வீட்டில் போய் மான்களுக்கு உடம்பு சரியில்லை என்றான். மறுநாள் காற்று சரியில்லை. அதற்கு மறுநாள் பக்கத்தில் ஓநாய் வந்திருக்கும். பிறகு தன் புதுத் தலைக்கவசத்தின் நிறத்தைச் சந்தேகப்பட்டு, பழையதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அதில் கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலும் தடவிக்கொண்டு போய்ப் பார்த்தான். நாற்றம் நன்றாக வந்தது, மான்கள் வரவில்லை. கடைசியில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புது வண்டிமேல் உட்கார்ந்தபடி வாயாலேயே பழைய வண்டியின் சத்தத்தைப் போட்டான். முதலில் மெதுவாக, பிறகு கன்னம் வலிக்கும்வரை. சுற்றுமுற்றும் பார்த்தவன் கீழே இருந்த தன் வீட்டைப் பார்க்க மறந்துவிட்டான். ரிஸ்டன் ஜன்னலில் பைனாகுலரோடு நின்றிருந்தாள்.

அன்று அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சூப்பை முன்னால் வைத்துவிட்டு, "வாய் வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

மிக்கலுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருஷம் வெயில் சீக்கிரம் வந்துவிட்டது. பெரிய ஏரியில் ஆறு வந்து கலக்கிற இடத்தில் பனி மெலிந்து நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாளில் மந்தையை அக்கரை சேர்க்காவிட்டால் ஏரியின் பனி உடைந்துவிடும். சினை மான்களைச் சேற்றிலும் பள்ளத்திலும் சுற்றிக்கொண்டு ஓட்டிப் போக வேண்டும். பாதி வழியிலேயே குட்டி போட்டுவிடும், பாதிக் குட்டி பிழைக்காது. பின்னால் நின்று துரத்தலாம்தான். ஆனால் முன்னால் பின்பற்ற ஒன்று இல்லாமல் பனிமேல் துரத்தினால் மந்தை நாலாபக்கமும் சிதறும். கிழட்டு மானும் இல்லை. முன்னால் போகிறவன் நான்தான் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டவன் இப்போது போய், என் பின்னால் எதுவும் வராது என்று கிர்ஸ்தியிடம் சொல்ல வேண்டும். மிக்கல் இரண்டு முறை அவள் வீட்டு வாசல்வரை போனான். இரண்டு முறையும் வேறு ஏதோ கேட்டுவிட்டு வந்தான். இரண்டாவது முறை அவளிடமிருந்து வாங்கி வந்த ரம்பம் எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

மூன்றாவது முறை அவன் போகத் தேவைப்படவில்லை. மந்தையே காணாமல் போய்விட்டது.

*

கிர்ஸ்திக்குத்தான் தொலைபேசி வந்தது. பேசியது டோரூன், தெற்கிலிருந்து ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த பல் டாக்டர். மலைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஏரியில் பனியில் துளை போட்டுத் தூண்டில் போட வந்ததாகவும், திரும்பிப் பார்த்தால் சுற்றிலும் மான்கள் நிற்பதாகவும், அவை தன்னிடம் எதையோ எதிர்பார்ப்பதுபோல் தெரிவதாகவும், என்ன கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள். குரல் தாழ்ந்து, ரொம்ப மரியாதையாக இருந்ததாம். வங்கியில் கொள்ளைக்காரர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் பேசுவதுபோல.

மிக்கலும் ரிஸ்டனும் கிர்ஸ்தியும் போனார்கள். சின்ன ஏரியின் நடுவில் மந்தை முழுக்க வட்டமாக நின்றுகொண்டிருந்தது. வட்டத்தின் நடுவில் ஒரு பனி ஸ்கூட்டர். அதன் சீட்டின்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு மான் அவளுடைய பைக்குள் முகத்தை விட்டு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. அவள் கால்களுக்குக் கீழே நீலத்தில் மஞ்சள் பூக்கள் தெரிந்தன.

"அது என் திரைச்சீலைதானே?" என்றாள் ரிஸ்டன்.

 மிக்கல் ஏரியின் கரையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போனான். மான்கள் அவனைக் கண்டு ஓடவில்லை. அவனை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியை ஆல்டாவில் வாங்கியதாக டோரூன் சொன்னாள். ஒரு நல்ல மனுஷர் வைத்திருந்த வண்டி, முதல் இழுப்பிலேயே கிளம்பும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

"கிளம்புதா?" என்று கேட்டாள் கிர்ஸ்தி, மிக்கலைப் பார்த்தபடி.

"நாலஞ்சு தடவை இழுக்கணும். ஆனா நல்ல உடற்பயிற்சி" என்றாள் டோரூன்.

கிர்ஸ்தி மந்தையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு, "மாப்பிள்ளை, ஒரு தடவை கூப்பிடுங்க" என்றாள்.

மிக்கலுக்கு அவள் எதற்குச் சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நம்பிக்கை என்பது அசட்டுத்தனமானது. கடைசி நேரத்தில்கூட அது ஒரு வாய்ப்பு கேட்கும். அவன் பத்தடி தள்ளிப்போய் நின்று, அடிவயிற்றிலிருந்து, இதுவரை கூப்பிட்டதிலேயே நன்றாகக் கூப்பிட்டான். மலையில் அது எதிரொலித்தது. ஒரு மான் தும்மியது.

"இப்ப நீங்க வண்டிய எடுங்க டாக்டரம்மா. அந்தக் கரை வரைக்கும் போயிட்டு வாங்க" என்றாள் கிர்ஸ்தி.

டோரூன் ஐந்து முறை இழுத்தாள். வண்டி உறுமிப் புகையைக் கக்கியது. அத்தனை மான்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. பள்ளிக்கூடத்தில் மணியடித்ததும் பிள்ளைகள் கிளம்புவதுபோல, அவள் பின்னால் வரிசையாகப் போயின. ஏரியின் நடுவில் மிக்கல் மட்டும் நின்றான், மீன் துளைக்குப் பக்கத்தில், ஒரு மீன்காரனைப் போல.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று பக்கத்தில் வந்த ரிஸ்டனிடமும் கிர்ஸ்தியிடமும் கேட்டான்.

ரிஸ்டன் அவன் கையுறையைப் பிடித்தாள். "எல்லாருக்கும் தெரியும். முதல் வருஷத்துலேர்ந்தே."

"யாரும் சொல்லலியே."

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே" என்றாள் ரிஸ்டன். "வண்டிய வித்துடுவேன்னு யாருக்குத் தெரியும்?"

*

கிர்ஸ்தி சுற்றி வளைக்கிறவள் இல்லை. டோரூன் திரும்பி வந்ததும், வண்டி ஒரு நாளைக்கு வேண்டும், மந்தையைப் பெரிய ஏரி தாண்டி விட்டுவிட்டுத் தந்துவிடுகிறோம் என்று கேட்டாள். டோரூன் தருகிறேன் என்றாள். ஆனால் தானும் வருவேன், தானே ஓட்டுவேன் என்றாள்.

மிக்கல் குறுக்கிட்டான். இது பழகினவர்கள் செய்கிற வேலை என்று ஆரம்பித்தவன், கிர்ஸ்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டான்.

"இந்த ஊருக்கு வந்து ஒரு குளிர்காலம் முடிஞ்சிடுச்சு" என்றாள் டோரூன். "என்கிட்ட வர்றவங்க எல்லாரும் வாயைத் திறந்துக்கிட்டுதான் இருக்காங்க. ஒருத்தரும் பேசறதில்ல. என்னை ஒரு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போங்க."

அப்படித்தான் அந்த வசந்தத்தில் மந்தையின் முன்னால் ஒரு பல் டாக்டர் போனாள். டோரூனுக்குப் பனியில் வழி தெரியாது, எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் வழிகாட்ட மிக்கல் அவளுக்குப் பின்னால், திரைச்சீலையின்மேல் உட்கார வேண்டும் என்று கிர்ஸ்தி தீர்மானித்தாள். மந்தையில் இடைவெளி விழுந்தால் சொல்ல ஆள் வேண்டுமே, அதனால் பின்பக்கம் பார்த்து உட்காரவேண்டும் என்றும் சொன்னாள். ஆக, மிக்கல் தன் பழைய வண்டியில், ஒரு பல் டாக்டரின் முதுகோடு முதுகு சாய்த்து, வழி போகிற திசைக்கு எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு பயணம் கிளம்பினான்.

புது வண்டியை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கிர்ஸ்தியே அதில் ஏறிக்கொண்டு மந்தையின் வாலுக்குப் போய்விட்டாள். ரிஸ்டன் கிர்ஸ்தியின் வண்டியை எடுத்துக்கொண்டாள்.

ஏரிமேல் இறங்கும்வரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அந்த இரைச்சலில் பேசினால் காதில் விழாது என்பதால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தத் தோளைத் தட்டுவதாக ஏற்பாடு. ஆற்றின் வாய் நெருங்கியபோது மிக்கல் தலையைத் திருப்பிப் பார்த்தான். நீலப் பனி பக்கத்தில் வந்துவிட்டது. கரைப்பக்கமாக விலக வேண்டும். பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு எது அவளுடைய வலது, எது தன்னுடைய வலது என்று பதற்றத்தில் குழம்பிவிட்டது. தவறான தோளைத் தட்டினான். டோரூன் கீழ்ப்படிந்து நீலத்தை நோக்கித் திரும்பினாள். மந்தையும் கீழ்ப்படிந்து திரும்பியது.

மிக்கல் எழுந்து திரும்பி, அவள்மேல் சாய்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து வளைத்தான். பனி அடியில் நீளமாக ஒரு முனகல் முனகியது. பனித்தட்டுகளுக்கு மேல் தண்ணீர் கசிந்து வந்தது. வண்டி சுற்றிக்கொண்டு கரைப்பக்கம் போனது. மான்கள் ஒவ்வொன்றாக, வளைவைச் சரியாகப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தன. தண்ணீர் அவற்றின் குளம்புகளைத்தான் நனைத்தது. கடைசி மான் வெள்ளைப் பனியில் கால் வைக்கும்வரை மிக்கல் மூச்சு விடவில்லை.

அதன் பிறகு அவன் மறுபடி பின்னால் பார்த்து உட்கார்ந்தான்.  அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது: இத்தனை வருஷம் முன்னால் போனவன், மந்தையின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முன்னால் போகிறவன் எதைப் பார்ப்பான்? வெறும் பனியைத்தான் பார்ப்பான். இப்போது அத்தனை முகங்களும் அவனுக்கு எதிரே இருந்தன. மூக்கில் உறைபனி, மூச்சில் ஆவி, சினைவயிறு இரண்டு பக்கமும் அசைய அசைய ஒரே நிதானமாக நடந்து வந்தன. அவற்றின் கண்களைப் பார்த்தான். எல்லாம் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த இடம் அவனுக்குக் கொஞ்சம் கீழே, புகைக்குழாய் இருக்கும் இடத்தில் இருந்தது.

அவன் வேண்டுமென்றே கையை ஆட்டிப் பார்த்தான். ஒரு கண்கூட அசையவில்லை. மிக்கல் சிரிக்கத் தொடங்கினான். டோரூன் முதுகில் அந்தக் குலுங்கலை உணர்ந்து, ஏதோ ஆபத்து என்று நினைத்து வண்டியை மெதுவாக்கினாள். மந்தையும் மெதுவாகியது.

வெகுதூரத்தில், வரிசையின் வாலில், கறுப்பாக ஒரு புள்ளி சத்தமில்லாமல் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. அது எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கத்து மான்கள் முன்னால் நெருக்கிக்கொண்டு ஓடின. பின்தங்கினது ஒன்றுகூட இல்லை.

*

அக்கரையில் தீ மூட்டினார்கள். மந்தை பனி உருகிய திட்டுகளில் பாசி தேடப் பரவிவிட்டது. கெட்டிலில் காபி கொதித்ததும் கிர்ஸ்தி அதை எடுத்தாள். முதல் கோப்பை முன்னால் வந்தவருக்கு என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். மிக்கல் பழக்கத்தில் கோப்பையை நீட்டிவிட்டான். கெட்டில் அவனைத் தாண்டிப் போய் டோரூனுக்கு ஊற்றியது. அவன் கோப்பையின் உள்ளே பார்த்தான், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோலவும் அதைத் துடைக்கத்தான் நீட்டியதுபோலவும்.

இரண்டாவது கோப்பை அவனுக்கு வந்தது. ஊற்றிவிட்டுக் கிர்ஸ்தி பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அந்தப் புது வண்டி மாதிரி துரத்துறதுக்கு ஒண்ணு கிடையாது மாப்பிள்ளை. பேயைப் பாத்த மாதிரி ஓடுதுங்க. கைப்பிடி வேற சூடா இருக்கு."

"அக்கா" என்றான் மிக்கல். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "என் பின்னாடி எதுவும் வந்ததில்ல. எல்லாம் அந்த வண்டி பின்னாடிதான்."

"வண்டி பின்னாடியும் இல்ல. மூட்டை பின்னாடி."

"ஆமா."

"அந்த மூட்டைங்கள வண்டியா தூக்கிக் கட்டிச்சு?" என்றாள் கிர்ஸ்தி. அவர்கள் வழக்கப்படி காபியில் ஒரு துண்டு உலர்ந்த இறைச்சியைப் போட்டு ஊறவிட்டாள். "அடுத்த குளிருக்கு இந்தப் புதுசுல தெனமும் தீவனம் கொண்டு போ. பழகட்டும். அதுவரைக்கும் வால்தான் உனக்கு. வால்ல போறதுக்கும் ஆள் வேணும்."

அவள் தன்னை 'நீ' என்று சொன்னதை மிக்கல் கவனித்தான். இந்தத் தடவை மாப்பிள்ளை என்று சொல்லவில்லை என்பதையும் கவனித்தான்.  முன்னால் போன வருஷங்களில்கூட இவ்வளவு நிம்மதி இருந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

டோரூன் தன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண் விரிய மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களிடம் மொத்தம் எத்தனை மான் இருக்கிறது என்று கேட்டாள். தீயைச் சுற்றி எல்லாரும் சட்டென்று அமைதியானார்கள். ஒருத்தரிடம் அவருடைய வங்கிப் புத்தகத்தைக் காட்டச் சொன்னதுபோல. அவள் தவறாக ஏதாவது கேட்டுவிட்டோமோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மிக்கலுக்குப் பாவமாக இருந்தது. இந்தக் கேள்வியை அவனும் வந்த புதிதில் கேட்டிருக்கிறான், இதே கிர்ஸ்தியிடம்.

"போதுமான அளவு இருக்கு" என்று சொல்லி அவளைக் காப்பாற்றினான். பிறகு பேச்சை மாற்றுவதற்காக, அந்த ஆற்று வாயில் அவன் வண்டியைத் திருப்பியதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். நீலப் பனியைத் தான் வெகுதூரத்திலிருந்தே கவனித்துவிட்டதாகச் சொன்னான். மான்களுக்கு வளைவைக் காட்டிக் கொடுப்பதற்காகத்தான் வேண்டுமென்றே கொஞ்சம் உள்ளே போகவிட்டுத் திருப்பியதாகச் சொன்னான். இதெல்லாம் பழக்கத்தில் வருவது, அடிவயிற்றில் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, தீக்கு அந்தப் பக்கம் ரிஸ்டன் கோப்பையின் விளிம்புக்கு மேலாக அவனைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

மிக்கல் கதையைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டான்.